விழுந்த கம்பத்துக்குக் கணக்கு உண்டு, விழாத கம்பத்துக்கு?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒவ்வொரு புயலுக்கும் கம்பங்கள் விழுகின்றன, நடுகிறார்கள், அடுத்த புயலில் மறுபடி விழுகின்றன. அமெரிக்காவில் புயலைத் தாங்கும்படி மின்கட்டமைப்பைப் பலப்படுத்த அரசே மானியம் தருகிறதாமே. நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா? இருந்தால் எங்கள் ஊராட்சி அதைக் கேட்டு வாங்க முடியுமா?”

பணம் இருக்கிறது. ஆனால் ஒரே திட்டமாக இல்லை. நாலைந்து தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிபந்தனை. “புயலுக்கு விழாத மின்கம்பம்” என்று நேரடியாகப் பெயர் போட்டு வரும் பணம் அதில் மிகக் குறைவு. ஏன் அப்படி என்று புரிந்தால்தான் ஊராட்சி எதைக் கேட்கலாம் என்பது புரியும். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

மானியம் என்றதும் நமக்கு 100 யூனிட் இலவச மின்சாரமும் விவசாய மோட்டாரும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், மண்ணுக்கடியில் போகும் புதைவடம் போன்ற சொத்துகளை உருவாக்க அரசு திருப்பிக் கேட்காமல் கொடுக்கும் பணம். கடன் வாங்கிப் போட்ட வேலையின் அசலும் வட்டியும் ஏதோ ஒரு வழியில் மின்கட்டணத்தில் வந்து உட்காரும். மானியத்தில் போட்ட வேலையின் அந்தப் பங்கைக் கட்டணத்தில் ஏற்றக்கூடாது. ஏற்கெனவே கடனில் மூழ்கிய மின் நிறுவனத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

கஜா புயலிலிருந்து தொடங்குகிறேன், அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் போயின. பலது காற்றில் நேராக முறிந்தவை அல்ல. தென்னை சாய்ந்து கம்பியில் விழ, கம்பி இழுக்க, வரிசையாக நாலைந்து கம்பங்கள் சேர்ந்து மண்ணோடு பெயர்ந்து வந்தன. நகரங்களுக்குச் சில நாட்களில் மின்சாரம் வந்துவிட்டது. உள்ளடங்கிய கிராமங்கள் சிலவற்றுக்கு ஒரு மாதம் ஆனது. வண்டி போகாத நடவு வயலில், முழங்கால் சேற்றில், எட்டுப் பத்துப் பேர் ஒரு காங்கிரீட் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருப்பீர்கள். கேரளா, ஆந்திராவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள்.

அந்தக் கம்பத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பேரிடர் நிவாரண நிதியில் அப்போது நடப்பில் இருந்த விதிமுறை ஒரு விலைப்பட்டியலே வைத்திருந்தது. 11 கிலோவோல்ட் வரையிலான பாதைகளில் சேதமான கம்பம் ஒன்றுக்கு 4,000 ரூபாய். கம்பி கிலோமீட்டருக்கு 50,000 ரூபாய். விநியோக டிரான்ஸ்பார்மர் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய். அவ்வளவுதான். இந்தப் பட்டியலை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். விழுந்ததை எண்ணுகிறது. என்ன விழுந்ததோ அதே மாதிரி ஒன்றை நிறுத்துவதற்கான தொகை அது, அதுவும் இழுபறியாக. கம்பத்தை உறுதியான வகைக்கு மாற்றவோ, ஈரக்களிமண்ணில் அடியைச் சுற்றிக் காங்கிரீட் போடவோ, பாதையைத் தென்னந்தோப்புக்கு நடுவிலிருந்து சாலையோரத்துக்கு நகர்த்தவோ அதில் இடமில்லை. மாநில அரசு அந்தச் சமயம் மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146.12 கோடி. கேட்டதில் நிரந்தரச் சீரமைப்பும் சேர்ந்திருந்தது. கிடைத்தது நிவாரண விதிமுறைக்குள் அடங்குவது மட்டும். ‘கேட்டது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு’ என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நடக்கும் அரசியல் சண்டையில் பாதி இந்த விதிமுறையில்தான் இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

இதைப் பொறியியல் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் உறைக்கும். கம்பத்தின் மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 9 மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர் குழி. அவசரத்தில், தண்ணீர் ஊறும் மண்ணில், இருட்டுவதற்குள் லைனில் மின்சாரம் பாய வேண்டும் என்ற நெருக்கடியில் ஒன்றரை மீட்டர் தோண்டுவது எளிதல்ல. தோண்டினாலும் குழிச்சுவர் சரிந்து வரும். எஸ்டிமேட் போடுகிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: தாளில் எல்லாக் குழியும் ஒன்றரை மீட்டர்தான்.

அப்புறம் காற்றுக் கணக்கு. கட்டுமானங்களின் மேல் காற்று தரும் விசைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பாகம். 2015 பதிப்பில், கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கடற்கரையிலும் கடலிலிருந்து 60 கிலோமீட்டர் வரையிலான பகுதிக்கு ஒரு புயல் காரணி சேர்த்தார்கள். புயலுக்குப் பிறகும் இயங்கியாக வேண்டிய கட்டுமானங்களுக்கு அது 1.30. காற்றின் வேகத்தை 1.30-ஆல் பெருக்க வேண்டும். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், வேகம் 30 சதவீதம் கூடினால் தள்ளும் விசை 69 சதவீதம் கூடும். அதைத் தாங்கும் கம்பமும் அடித்தளமும் வேறு ஜாதி, வேறு விலை. மத்திய மின்சார ஆணையத்தின் பணிக்குழு ஒன்று கடலோர மின்கட்டமைப்பைப் புயல் தாங்கும்படி மாற்றுவது பற்றி 2021-இல் அறிக்கையே கொடுத்துவிட்டது. ஆக, என்ன செய்ய வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் கிடையாது. யார் கணக்கில் செலவு எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

சரி, இருக்கிற பணத்துக்கு வருவோம்.

15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாயை ஒதுக்கி, அதில் 80 சதவீதம் நிவாரணத்துக்கு, 20 சதவீதம் தணிப்புக்கு என்று பிரித்தது. தணிப்பு என்றால் பேரிடர் வருமுன் சேதத்தைக் குறைக்கச் செய்யும் வேலை. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநிலம் 25 சதவீதமும் போட வேண்டும். நிவாரணப் பங்குக்குள்ளேயே மீட்பு, மறுகட்டுமானத்துக்கென்று மொத்த நிதியில் 30 சதவீதத்தைத் தனியாக வைத்தார்கள். விழாத கம்பத்துக்கும் காசு உண்டு என்று நிதிக்கணக்கில் முதல்முறை ஒரு பத்தி பிறந்தது என்று சொல்லலாம். தேசிய அளவிலும் இதே மாதிரி ஒரு தணிப்பு நிதி உண்டு. சென்னை வெள்ளத் தணிப்புக்கு 2023 டிசம்பரில் ஒப்புதலான 561.29 கோடி ரூபாய்த் திட்டம் அதில்தான் வந்தது; அதில் மத்திய உதவி 500 கோடி.

கவனியுங்கள்: வெள்ளத்துக்கு. தணிப்பு என்று சொன்னாலே நம் நிர்வாகத்தின் கண்ணுக்கு வடிகால், தடுப்பணை, கரை, கடற்கரைத் தோப்பு இவைதான் தெரிகின்றன. மின்சாரம் தனித் துறையாக, தனி நிறுவனமாக, தனக்கென்று கட்டண வருமானம் உள்ள அமைப்பாக இருப்பதால் ‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம் இருக்கிறது. நிறுவனமோ மாதச் சம்பளத்துக்கும் வாங்கிய மின்சாரத்துக்கும் பணம் தேடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஊர்க் கம்பம் நிற்கிறது.

மின்துறைக்கென்றே வரும் பெரிய பணம் ஆர்.டி.எஸ்.எஸ். என்கிற மறுசீரமைக்கப்பட்ட விநியோகத் துறைத் திட்டம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் நேரடி நிதி 97,631 கோடி. விநியோகக் கட்டமைப்பு வேலைகளுக்குப் பொதுப் பிரிவு மாநிலங்களுக்கு 60 சதவீதமும் சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கு 90 சதவீதமும் மானியம். ஸ்மார்ட் மீட்டருக்குச் செலவில் 15 சதவீதம், அதிகபட்சம் மீட்டருக்கு 900 ரூபாய். பி.எஃப்.சி., ஆர்.இ.சி. என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் வழியாகப் பணம் இறங்கும்.

இவ்வளவு பெரிய தொகை புயலுக்கு உதவுமா என்றால், சுற்றுவழியில் உதவும். இந்தத் திட்டத்தின் இலக்கு மின் இழப்பை 12–15 சதவீதத்துக்குள் கொண்டுவருவதும், ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவுக்கும் வரும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியைப் பூஜ்யமாக்குவதும்தான். தணிக்கை முடிந்த கணக்கை நேரத்துக்கு வெளியிட்டாயா, மாநில அரசு மானியத் தொகையைக் கட்டிவிட்டதா, அரசு அலுவலகங்களின் பாக்கி தீர்ந்ததா என்று முதலில் கேட்பார்கள். பிறகு மதிப்பெண் போடுவார்கள். 60-க்குக் கீழே போனால் பணம் கிடையாது. ‘போன புயலில் எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் திரும்பியது’ என்பது அந்தப் பரீட்சையின் மையத்தில் இல்லை.

ஆனால் கெட்டிக்கார இன்ஜினியர்கள் இதற்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்வார்கள். வெற்றுக் கம்பியை எடுத்துவிட்டு, உறை போட்டு முறுக்கிய ஏ.பி. கேபிள் இழுப்பது இழப்பையும் கொக்கி போடுவதையும் தடுக்கத்தான். ஆனால் அதே கேபிள் மேல் தென்னை மட்டை விழுந்தாலும் ஷார்ட் ஆகாது, அறுந்து தொங்கி ஆளைக் கொல்லும் வாய்ப்பும் குறைவு. விவசாய ஃபீடரை (துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதையை) வீட்டு ஃபீடரிலிருந்து பிரிப்பது கணக்குச் சுத்தமாக இருக்கத்தான். ஆனால் புயலுக்குப் பிறகு வயலுக்குள் போகும் பாதையைத் தள்ளிவைத்துவிட்டு, ஊரை மட்டும் முதலில் எழுப்ப அது வழி விடும். புயல் என்ற சொல்லே இல்லாமல் புயல் வேலை நடக்கும். விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போது எந்த ஃபீடர் முதலில் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் சூட்சுமம். கடலோர ஃபீடர் பட்டியலின் மேலே வந்தால் ஒரே பணத்தில் இரண்டு வேலை.

மூன்றாவது வழி உலக வங்கி. அது மானியமல்ல, அரசு வாங்கும் கடன். ஆனால் திருப்பிக் கட்டுவது அரசு என்பதால் களத்தில் அதன் பலன் மானியம் மாதிரித்தான். இந்தியாவில் நேரடியாகப் புயலுக்கென்று பெயர் போட்டு நடந்த புதைவட வேலைகளில் பலது இந்த வழியில் வந்தவை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ என்ற புயல் கடலூரைச் சிதைத்தது. அதன் பிறகு 2013-இல் ஒப்புதலான கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில்தான் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் மேல்நிலைக் கம்பியைப் புதைவடமாக்கும் வேலை சேர்ந்தது. 2014 ஹுத்ஹுத் புயலுக்குப் பிறகு விசாகப்பட்டினத்திலும் இதே மாதிரி. தேசியப் புயல் அபாயத் தணிப்புத் திட்டத்தில் மத்திய அரசு 75, மாநிலம் 25 என்ற பங்கில் மகாராஷ்டிரத்தின் அலிபாக், ரத்னகிரிப் பக்கம் கேபிள் புதைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘எல்லாவற்றையும் புதைத்துவிட்டால் என்ன?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். புதைப்பது மேல்நிலைப் பாதையைவிடப் பல மடங்கு செலவு. நெருக்கமான டவுனுக்குச் சரி. வயலுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் இருக்கும் ஊருக்குக் கட்டுப்படியாகாது. அதைவிட முக்கியம், புதைவடத்துக்குக் காற்று எதிரியல்ல, தண்ணீர் எதிரி. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் சென்னையில் பெரும்பாலும் கம்பி அறுந்து மின்சாரம் போகவில்லை. புதைவடத்திலிருந்து வீடுகளுக்கு மின்சாரம் பிரியும் தெருவோரப் பெட்டியான பில்லர் பாக்ஸைச் சுற்றித் தண்ணீர் நின்றதால், யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாது என்று சப்ளையை நிறுத்த வேண்டியிருந்தது. அங்கே தேவை, பெட்டியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் தூக்கி வைப்பது. கம்பி அறுந்தால் லைன்மேன் கண்ணாலேயே பார்த்துவிடுவார். மண்ணுக்குள் கேபிள் பழுதானால் அதற்கான கருவி வைத்த வண்டி வந்து, இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, ஜாயிண்ட் போட வேண்டும். வேளாங்கண்ணிக்கு ஒரு மருந்து, வேளச்சேரிக்கு வேறு மருந்து.

இனி அமெரிக்கா. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் குளிர்ப்புயல் அடித்தபோது 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மாநிலத்தின் கட்டமைப்பு முழுதும் விழுந்துவிடும் நிலையிலிருந்து 4 நிமிடம் 37 விநாடி தூரத்தில் தப்பியது. அந்த ஆண்டு நவம்பரில் சட்டமான உள்கட்டமைப்புச் சட்டத்தில் மின்கட்டமைப்பைப் பலப்படுத்தவும் நவீனப்படுத்தவும் 1,050 கோடி டாலர் போட்டிமுறை மானியம் வைத்தார்கள். அதற்குத் தனியாக, மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் விண்ணப்பப் போட்டி இல்லாமல் சூத்திரப்படி பிரித்துக் கொடுக்க ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 230 கோடி டாலர். சூத்திரத்தில் மக்கள்தொகை, பரப்பளவு, அந்த மாநிலத்தில் பேரிடர் வரும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்திருக்கின்றன.

தொகையைவிட எனக்குப் பிடித்தது அதிலுள்ள விதிகள். பணத்தைப் புதிய மின் நிலையம் கட்டப் பயன்படுத்தக்கூடாது. நிறுவனம் அந்த ஆண்டு எப்படியும் செய்யப்போகிற வேலைக்கு இதைக் காட்டக்கூடாது. அதற்கு மேல் கூடுதலாகச் செய்ய வேண்டும். நேரடியாக மானியம் கேட்கும் நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளில் இதே மாதிரி வேலைக்குத் தன் கையிலிருந்து எவ்வளவு செலவழித்ததோ அதற்கு மேல் வாங்க முடியாது. எதுவுமே செய்யாதவனுக்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். பெரிய நிறுவனம் மானியத்துக்குச் சமமான தொகையைத் தானும் போட வேண்டும். சிறிய நிறுவனம் மூன்றில் ஒரு பங்கு போட்டால் போதும். அனுமதிக்கப்பட்ட வேலைகளின் பட்டியலில் புதைவடம், ஒரு சிறு பகுதி தனித்து இயங்கக்கூடிய நுண்கட்டமைப்பு இவற்றோடு கம்பப் பராமரிப்பும் மரம், செடி கொடிகளை வெட்டி ஒழுங்குபடுத்துவதும் இருக்கின்றன.

மரம் வெட்டுவதற்கு மானியமா என்று சிரிக்க வேண்டாம். நம் திட்டங்கள் பெரும்பாலும் சொத்து உருவாக்கத்துக்கு மட்டும் பணம் கொடுக்கின்றன. திறந்து வைக்க, கல்வெட்டு வைக்க ஏதாவது வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் அரிவாளோடு இரண்டு பேர் ஃபீடர் முழுதும் நடந்து, கம்பிக்கு மேல் சாய்ந்த மட்டைகளைக் கழிப்பதற்குக் கல்வெட்டு கிடையாது. கஜாவில் சாய்ந்த வரிசைகளை நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு பேரின் கூலிதான் இந்தத் துறையிலேயே மலிவான முதலீடு என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவையும் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம். ஆட்சி மாறியதும் 2025 அக்டோபரில் எரிசக்தித் துறை 223 திட்டங்களுக்கான 756 கோடி டாலர் உதவியை ரத்து செய்வதாக அறிவித்தது. மின்கட்டமைப்புக்கான மானியங்களும் அதில் அடிபட்டன. அமெரிக்க ஆளுகையில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் கதை இன்னும் கசப்பு. 2017 செப்டம்பர் 20-ஆம் தேதி மரியா சூறாவளி அந்தத் தீவின் மின்கட்டமைப்பையே படுக்க வைத்தது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பப் பதினோரு மாதம் ஆனது. மறுகட்டுமானத்துக்கு 2020-இல் அமெரிக்க மத்தியப் பேரிடர் முகமை ஏறக்குறைய 950 கோடி டாலர் அறிவித்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அதில் சிறு பகுதிதான் களத்தில் வேலையாக மாறியது. அந்தத் தீவின் மின் நிறுவனம் சூறாவளிக்கு முன்பே, 2017 ஜூலையில், திவாலாகியிருந்தது. மானியமோ பொதுவாக ‘முதலில் செலவழி, ரசீது காட்டு, பிறகு தருகிறேன்’ என்ற வகை. கையில் காசில்லாதவர் எதை வைத்து வேலையைத் தொடங்குவார்? இந்தியாவில் பங்குத்தொகை போட முடியாமல் தடுமாறும் விநியோக நிறுவனங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீவு நினைவுக்கு வரும்.

அதே தீவில், மலைக்குள் இருக்கும் அட்ஹுந்தாஸ் என்ற ஊரில் காசா பூவெப்லோ என்ற மக்கள் அமைப்பு மரியாவுக்கு முன்பே தன் கட்டடத்தில் சூரியத் தகடு வைத்திருந்தது. சுற்றிலும் இருட்டாக இருந்தபோது அங்கே மட்டும் விளக்கு எரிந்தது. மக்கள் மருத்துவக் கருவிகளை இயக்கவும் போனுக்கு சார்ஜ் போடவும் அங்கே போனார்கள்.

உங்கள் ஊராட்சிக்கு நான் சொல்ல வந்ததும் இதை ஒட்டித்தான். ‘எங்கள் ஊர்க் கம்பங்களை மாற்றித் தாருங்கள்’ என்று மனு கொடுத்தால் அது மின் நிறுவனத்துக்குப் போகும், வரிசையில் நிற்கும். கம்பம் அவர்கள் சொத்து; ஊராட்சி அதற்கு மானியம் வாங்க வழியில்லை. ஆனால் மாநிலத் தணிப்பு நிதி பற்றி நிதிக்குழு சொன்னது, கடற்சுவர், பெரிய கரை மாதிரியான மகா வேலைகளுக்கு இதைத் தொடாதீர்கள், உள்ளூர் அளவிலான, சமூகத்தை ஒட்டிய சிறு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. கஜாவுக்குப் பிறகு உங்களை வாட்டியது எது? விளக்கு இல்லாதது அல்ல. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாதது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராக முறை வைத்துத் தொட்டி நிரப்பினீர்கள். அப்படியானால் கேட்க வேண்டியது குடிநீர் மோட்டாருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும், புயல் பாதுகாப்பு மையத்துக்கும் பேட்டரியோடு கூடிய சூரிய மின் ஏற்பாடு. கட்டடமும் மோட்டாரும் ஊராட்சியுடையவோ அரசுடையவோ என்பதால் சொத்து யாருடையது என்ற பிரச்சினை எழாது. தகடுகளைப் பொருத்தும் சட்டகம் மட்டும் முன்னே சொன்ன புயல் காரணியோடு கணக்கிட்டதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முதலில் பறப்பது அதுதான்.

கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கு அனுப்புங்கள். மனுவில் உருக்கம் வேண்டாம். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், தொட்டி எத்தனை ஆயிரம் லிட்டர், அதை நம்பி எத்தனை குடும்பம், 2018-இல் எத்தனை நாள் சப்ளை இல்லை, ஜெனரேட்டர் வாடகைக்கும் டீசலுக்கும் ஊராட்சிக் கணக்கிலிருந்து போனது எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த வவுச்சர்கள் ஊராட்சி அலுவலகத்தில் இன்னும் இருந்தால் நகலெடுத்து இணையுங்கள்.